கால் படாத மண்

தம்பி,

மூன்று கிழமைக்கு முன் நீ போன் எடுத்து, வெள்ளவத்தை வீட்டை விட்டுவிட்டு மனைவி பிள்ளையோடு கொட்டாஞ்சேனைக்கே வந்துவிடப் போவதாகச் சொன்னாய். அப்பா போன பிறகு அம்மா தனியாகக் கிடக்கக் கூடாது என்றாய். நான் உடனே வா என்றேன். முன் அறையை ஒதுக்கி வைக்கிறேன், பிள்ளை ஓடி விளையாட நடுவீட்டு மேசையைத் தூக்கிவிடுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்கத்தான் இதை எழுதுகிறேன். வராதே. பிள்ளையை இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே. இந்த வீட்டுத் தரைக்கு அடியில் ஈயம் இருக்கிறது. பழைய பற்றரிகளில் இருக்கிற ஈயம். அதை நான்தான் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினேன். நீ போன் எடுத்த அன்றைக்கே இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வா என்றேன்.

இதை போனில் சொல்லலாம்தான். இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் பிள்ளை போனை வாங்கி "அப்பம்மா" என்றது. என் மருமகள் துஷி பழக்கிய சொல் அது. என்னை அப்பாயி என்று கூப்பிட வேண்டும் என்று ஒரு காலத்தில் எவ்வளவு சண்டை போட்டேன். இப்போது அந்த அப்பம்மாவைக் கேட்டதும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இந்த மண்ணை அகற்ற வந்தவர்களோடு இருக்கிற கவிதா மிஸ் எழுதி வைத்ததை வாசித்துப் பார்த்து, இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கச் சொன்னேன். கொழும்பில் தோட்டம் என்று பெயர் மட்டும் இருக்கிற நம் நெருக்க வீடுகளில் இருந்து போய் இப்போது வேறு வேறு இடங்களில் இருப்பவர்கள் சிலர் அந்த மண்ணைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நம் தோட்டத்துக் கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த குழி உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுச் சுவருக்கு வைக்கிற சிவப்புக் கபுக்கல்லை ஒரு காலத்தில் அங்கே வெட்டினார்களாம். கல் தீர்ந்ததும் அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருவர் அந்த இடத்தைத் தகரம் அடித்து மூடி, பழைய பற்றரி உடைத்து உருக்கும் வேலை செய்தார். அவர் யார், எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சில வருடம் புகை வந்தது, பிறகு வரவில்லை. ஆளும் போய்விட்டார். தகர வேலி மட்டும் நின்றது. உள்ளே குழி நிறையச் சாம்பல் நிறத்தில் ஒரு மண். மா அரித்தது போல அவ்வளவு நைசாக இருக்கும். அந்த மண்ணைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டவள் நான்.

பெரிய வெள்ளம் வந்து நம் வீட்டுக் கட்டில் கால் வரை தண்ணீர் நின்ற வருடம், தரையை உயர்த்தாவிட்டால் அடுத்த மழைக்கு இங்கே இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. லொறியில் மண் இறக்க யாருக்கும் வழியில்லை. நான்தான் தகரத்தை விலக்கி உள்ளே போய் ஒரு கூடை அள்ளி வந்து காட்டினேன். புழு இல்லை, பூச்சி இல்லை, எறும்பு கூட இல்லை. தண்ணீர் தெளித்து மிதித்தால் சிமெந்து மாதிரி இறுகியது. இதைவிடச் சுத்தமான மண் கொழும்பிலேயே கிடைக்காது என்று சொன்னேன். பெண்கள் எல்லாரும் என் பின்னால் வந்தார்கள். நம் வீட்டுக்கு, பக்கத்து நஸீரா வீட்டுக்கு, மாரியப்பன் அண்ணன் வீட்டுக்கு என்று ஒரு கிழமை சுமந்தோம். அப்பா ஐந்தாம் குறுக்குத் தெருவில் பகல் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்து, பின்னேரத்தில் என்னோடு சேர்ந்து மண்ணைக் காலால் மிதித்தார். மேலே மெல்லிசாகச் சிமெந்து பூசினோம். அது அடுத்த வருடமே வெடித்தது. வெடிப்பில் இருந்து வருகிற தூசியை நான் தினமும் ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

இப்போது துஷியின் விசயத்துக்கு வருகிறேன். உனக்குப் பிடிக்காத விசயம், தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நீங்கள் கலியாணம் கட்டி இந்த வீட்டில் இருந்த அந்த ஆடியில், நம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. முளைப்பாரிக்குக் கால் படாத மண் வேண்டும். முந்தின வருடங்களில் முகத்துவாரத்துப் பக்கம் ஆற்றோரம் போய் எடுத்து வருவோம். அந்த வருடம் அங்கே ரோட் வேலை நடந்து எல்லாம் புரண்டு கிடந்தது. நான் யோசித்தேன், வெள்ளத்துக்கு மண் எடுத்த பிறகு தகர வேலிக்கு உள்ளே யாருமே போவதில்லையே, அதைவிடக் கால் படாத மண் எங்கே இருக்கிறது என்று. போய் எடுத்தேன். சட்டிகளில் நிரப்பி, நவதானியம் தூவி, நம் முன் அறையில் வைத்து இருட்டாக்கி, விரதம் இருந்து தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் முளை வர வேண்டும். வரவில்லை. ஐந்தாம் நாள் ஒன்றிரண்டு வெளிறி எட்டிப் பார்த்தது. ஏழாம் நாள் அதுவும் நுனி கருகிப் போனது.

தோட்டத்துப் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். யார் வீட்டில் தீட்டு என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். எனக்கு அவமானம். பழியை எங்கே வைப்பது என்று தேடினேன். துஷி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நம் முறை தெரியாதவள், தலை முழுகாமல் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்திருப்பாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சட்டியில் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாமி, நான் உள்ளுக்குப் போகேல்ல. உந்த மண்தான் சரியில்ல. புளிச்ச மணம் வருது. அந்தக் குழிக்குள்ள ஒரு புல்லுக்கூட முளைக்கேல்லையே, நீங்கள் பாக்கேல்லையோ?"

வெங்காயம் பயிரிட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை அது. மண்ணை மணந்து பார்த்தால் அதற்குத் தெரியும். ஒரு புல் கூட முளைக்காத இடம் என்று அவள் சொன்னதை, சுத்தமான இடம் என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் அதைக் காதில் வாங்கியிருந்தால் நம் தோட்டத்துக் கதையே வேறு. நான் வாங்கவில்லை. கோயிலுக்கு எடுத்த மண்ணை நேற்று வந்தவள் குறை சொல்கிறாள் என்றேன். "படிச்ச திமிரு" என்றும் சொன்னேன். அப்பா மட்டும், "அந்தப் புள்ள சொல்றத ஒருக்கா பாத்தா என்ன புள்ள" என்றார். அவரையும் வாயடைத்தேன். அந்தக் கிழமையே நீ அவளைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய்விட்டாய். நாலு வருடமாக, மருமகள் என் மகனைப் பிரித்துக்கொண்டு போய்விட்டாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உன் பிள்ளை இந்தத் தரையில் தவழாமல் தப்பியது அவள் போனதால்தான்.

அப்பாவைக் கொண்டுபோன கிட்னி நோய் எதனால் வந்தது என்று கவிதா மிஸ்ஸிடம் கேட்டேன். இந்த மண்ணாலா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கலாம் அம்மா, ஆனால் இனி யாராலும் அதைச் சொல்ல முடியாது என்றது. பொய் சொல்லியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். வெறும் காலோடு அவர் இந்த மண்ணை மிதித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் நடந்த தரையைத் தொட்டுக் கும்பிடவும் முடியவில்லை, அதில் காலை வைக்கவும் முடியவில்லை. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறேன். சமைக்க எழும்பினால் செருப்பு. ஜன்னலைத் திறந்தால் குழிப் பக்கத்துக் காற்று வருகிறது, மூடினால் வீட்டுக்குள் இருக்கிற தூசி. விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. விட்டுப் போகலாம் என்றால் நமக்கு வீட்டு உறுதிப் பத்திரமும் இல்லை. கரண்ட் பில் மட்டும்தான் நம் பெயரில் வருகிறது. ஆள் இல்லாத வீடு என்று எழுதிவிட்டால் போனது போனதுதான்.

அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் முடிந்த பிறகுதான் இந்தத் துப்புரவு வேலைக்காரர்கள் வந்தார்கள். படித்த பிள்ளைகள் கொஞ்சப் பேர், சுகாதாரப் பகுதியில் இருந்து ஒரு சிங்கள அதிகாரி மாத்தயா, தமிழில் சொல்ல கவிதா மிஸ். முன்பள்ளி ஹோலில் கூட்டம் வைத்தார்கள். குழியை மூடி, ஈயம் கலந்த நச்சு மண்ணை எடுத்துக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார்கள். குழியில் இருப்பது தெரிகிறது, ஆனால் குழியில் இருந்து வெளியே போன மண் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும் என்றார்கள். மெஷின் தரையின் மேலே இருப்பதைக் காட்டுமாம், எவ்வளவு ஆழத்துக்குப் போட்டது என்று போட்டவர்கள்தான் சொல்ல வேண்டுமாம். தோட்டத்தைப் பெரிய தாளில் படமாகக் கீறி, வீடு வீடாகப் பெட்டி போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். மண் போட்ட வீட்டுக்கு மேல் ஒரு சிவப்பு அடையாளம் வைக்க வேண்டும். மாத்தயா என்னைப் பார்த்து, "அம்மே, மே பஸ் கொஹெந்த கத்தே?" என்றார். இந்த மண்ணை எங்கே எடுத்தது என்று. நம் வாசலில் பெயர்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். நான் தெரியாது மாத்தயா என்றேன். என் வாயால் சொன்னேன்.

யாருமே எழும்பவில்லை. அடையாளம் வைத்தால் வீட்டைக் கிண்டுவார்கள், கிண்டிய வீட்டுக்குத் திரும்பி வர விடமாட்டார்கள், எங்கேயோ மாடி வீட்டில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று மாரியப்பன் அண்ணன் முதல் நாளே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். அவர்தான் தோட்டத்துச் சங்கத் தலைவர். அவரைப் பிழை சொல்ல மாட்டேன். கொம்பனித்தெருவில் அவர் சொந்தக்காரர்களுக்கு அப்படித்தான் நடந்தது. எல்லாரும் பேசாமல் இருக்கிற கூட்டத்தில் நாமும் பேசாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. எல்லாரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அதற்கு மூன்றாம் நாள்தான் உன் போன் வந்தது. நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். தரைக்கு மேலே ரப்பர் விரிப்பு போட்டால் போதும் என்று நினைத்தேன். பிள்ளையைத் தூக்கியே வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு வயதுப் பிள்ளையை எத்தனை நாள் தூக்கி வைத்திருக்க முடியும், நீயே சொல். எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது இந்த வீட்டில் இன்னொரு ஆளின் சத்தம். அதற்காக உன் பிள்ளையைக் கூட இதற்குள் இழுக்க எனக்கு மனம் வந்தது. இதைத்தான் நீ மன்னிக்க வேண்டும். மண் தெரியாமல் செய்த பிழை. இது தெரிந்து செய்தது.

இரண்டாம் கூட்டத்தில், இடையில் தோட்டத்துப் பிள்ளைகளின் இரத்தம் எடுத்துப் பார்த்த முடிவு சொன்னார்கள். நஸீராவின் பேத்திக்கு இரத்தத்தில் ஈயம் கூடுதல். மூன்று வயதுப் பிள்ளை, இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. நஸீரா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அந்தக் குழி மண்தான் என்று தெரிந்தும் நம்ப மனம் இல்லாமல், எழும்பி நின்று கவிதா மிஸ்ஸிடம், பிழையாகப் பார்த்திருப்பீர்கள் என்று வாதாடினாள்.

"எங்கட வூட்டுத் தரைய வந்து பாருங்கொ மிஸ். வெள்ளம் வந்த நேரம் இந்தக்கா தான் அவட கையால மண் போட்டு மிதிச்சுத் தந்த. சீனி மாதிரி மண். அதுல என்ன அழுக்கு ஈக்கும்?"

என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள் தம்பி. சாட்சிக்கு என்னைக் காட்டினாள்.

நான் எழும்பித் தாளுக்குப் பக்கத்தில் போனேன். கவிதா மிஸ் அடையாளத்துக்கு என்று சிவப்பு ஒட்டுப் பொட்டுப் பக்கெற் வாங்கி வைத்திருந்தது. கடையில் வேறு கிடைக்கவில்லையாம். அப்பா போன பிறகு நான் கையால் தொடாத சாமான். முதல் பொட்டை நம் வீட்டுக்கு வைத்தேன். இரண்டாவதை நஸீரா வீட்டுக்கு. பிறகு வரிசையாக, யார் யார் வீட்டுக்கு நான் கூடை தூக்கினேனோ அவ்வளவுக்கும் வைத்தேன். கோயில் வாசலிலும் ஒன்று வைத்தேன், முளைப்பாரி மண்ணை அங்கேதான் கொட்டினோம். மாரியப்பன் அண்ணன்தான் கடைசியில் கதைத்தார்.

"தங்கச்சி, நீ பொட்டு வச்சது வீட்டுக்கில்ல. எங்க எல்லாருட தலையிலயும் வச்சிட்ட."

அதில் இருந்து தோட்டத்தில் யாரும் என்னோடு கதைப்பதில்லை. தண்ணீர்க் குழாயடியில் நான் வாளியோடு போனால் பேச்சு நிற்கிறது. என் வாளியை யாரும் தள்ளுவதும் இல்லை, அது ஒன்றுதான். ஒரு கிழமைக்குப் பிறகு நஸீரா வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். எத்தனை கூடை போட்டீர்கள், குசினிக்கும் போட்டீர்களா, நல்லா யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள். மாத்தயாமாருக்கு ஆழம் சொல்ல வேண்டுமாம். இரண்டு பேரும் வாசலில் நின்று ஒவ்வொரு அறையாக நினைத்து நினைத்துச் சொன்னோம். குசினியில் முழங்கை ஆழம், முன் அறையில் ஒரு சாண். அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். போகும்போது போய்ட்டு வாறேன் என்று சொல்லவில்லை. சும்மா போனாள்.

வேலை இப்படித்தான் நடக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு வீடாகத் தரையைக் கிண்டி, மண்ணை ஈரத்தோடு பையில் கட்டிக் கொண்டுபோய், புது மண் போட்டு மேலே தடிப்பாகக் கொங்கிரீட் போடுவார்கள். அதுவரை அந்த வீட்டு ஆட்கள் முன்பள்ளி ஹோலில் இருக்க வேண்டும். திரும்பி வரலாம் என்று கடிதம் தந்திருக்கிறார்கள். சிங்களத்தில் இருக்கிறது, கவிதா மிஸ் வாசித்துக் காட்டியது. அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. முதல் வீடாக யார் விடுகிறீர்கள் என்று கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை, நான் தூக்கினேன். திங்கட்கிழமை நம் வீட்டில் தொடங்குகிறார்கள். நம் வீட்டுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் கதவைத் திறப்பார்கள். நான் திரும்பி வராவிட்டால் நஸீராவும் திறக்க மாட்டாள். அவள் பேத்தி அந்தத் தரையிலேயே கிடக்கும். அதனால் நான் ஹோலை விட்டு எங்கேயும் போகவும் முடியாது. உன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடாதே. வர மாட்டேன்.

நீ இன்றைக்கே வெள்ளவத்தை வீட்டுக்காரரிடம் போய், நாங்கள் போகவில்லை என்று சொல். வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டேன் என்பார். கெஞ்சு. இல்லை என்றால் ஹெவ்லொக் டவுன் பக்கம் தேடு, துஷியின் ஆட்கள் அங்கே இருக்கிறார்களே. நாலு கேள்வி கேட்பார்கள், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள். பிள்ளையின் இரத்தத்தையும் ஒருக்காப் பார்த்துவிடு. போன தைப்பொங்கலுக்குக் கொண்டுவந்து அரை நாள் இங்கே விட்டிருந்தாய், தரையில் உட்கார்ந்துதான் பொங்கல் புக்கை சாப்பிட்டது. இனி துஷி ஒரு சாமானை மணந்து பார்த்துச் சரியில்லை என்றால், வாதாடாமல் கீழே வை. நான் உனக்குச் சொல்லித் தருவதற்கு இவ்வளவுதான் இருக்கிறது.

துஷியிடம் நேரே கேட்க எனக்கு முகம் இல்லை. பத்திரிகையில் வந்தால் அவள் வாசிப்பாள். மகள், நீ அறைக்குள் போகவில்லை. மண்தான் சரியில்லை. எல்லார் முன்னாலும் உன்னைச் சொன்னேன், எல்லார் முன்னாலும் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது தம்பி. இதை எல்லாம் எழுதி முடித்த பிறகும், நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறப்பேன். ஒரு நிமிசம், தூக்கிக்கொண்டே இரு, கீழே விடாதே என்பேன். பிறகு விடச் சொல்வேன். என்னை நான் நம்பவில்லை. அதனால் இன்றைக்குக் காலையில் ஆள் பிடித்துப் பூட்டை மாற்றினேன். உன்னிடம் இருக்கிற சாவி இனி இந்தக் கதவுக்குச் சரிவராது. புதுச் சாவி இரண்டையும் கவிதா மிஸ்ஸிடம் கொடுத்து, திங்கட்கிழமை வரை நான் கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டேன். பாயும் இரண்டு சேலையும் எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்துவிட்டேன். இந்தக் கடைசிப் பகுதியை இங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

அம்மா